நீரைப் பிரிக்கும் மின்வினையூக்கியைச் சோதிப்பது எப்படி? புதிதாக ஆய்வகம் வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்வினையூக்கி (மின்சாரத்தால் நடக்கும் வினையை எளிதாக்கும் பொருள்) ஆய்வில் சேரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே புதுப் பொருள் ஒன்றைத் தயாரிக்க ஆசைப்படுகிறார்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் இரண்டு உப்புகளைப் போட்டு ஓர் இரவு சூடாக்கினால் ஏதோ ஒரு தூள் வந்துவிடும். மறுநாள் அதை மின்முனையில் பூசி அளந்தால் ஏதோ ஓர் எண்ணும் வந்துவிடும். அந்த எண் அந்தத் தூளுக்கு உரியதுதானா என்று உறுதி செய்வதற்குத்தான் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. எம்.எஸ்ஸி. பிராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி.க்கோ இந்தத் துறைக்கு வருபவர்களுக்காக, அந்த உழைப்பின் படிகளை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்வோம்: காரக் கரைசலில் ஆக்சிஜன் வெளியேறும் வினை. ஆய்வகங்களில் இதை ஓ.இ.ஆர். என்போம்.

எதற்காக இந்தப் பாடு

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 25 டிகிரி செல்சியஸில் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். தொழிற்சாலையில் ஓடும் மின்பகுப்புக் கலங்கள் 1.8 முதல் 2 வோல்ட் வரை எடுக்கின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. எனவே 1.8 வோல்ட்டில் ஓடும் கலத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 48 யூனிட் மின்சாரம் செலவாகும். அதே கலத்தில் 0.1 வோல்ட்டைக் குறைத்துவிட்டால் கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் எட்ட நினைப்பது ஆண்டுக்கு 50 லட்சம் டன். அந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், அதே 0.1 வோல்ட் ஆண்டுக்கு 1,330 கோடி யூனிட்டாக வந்து நிற்கும்.

இந்த வீணடிப்பில் பெரும்பங்கு ஆக்சிஜன் பக்கத்தில்தான் நடக்கிறது. ஹைட்ரஜன் வர இரண்டு எலெக்ட்ரான்கள் போதும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர நான்கு எலெக்ட்ரான்கள் கைமாற வேண்டும், நடுவில் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பும் உருவாக வேண்டும். அதனால் அது மெதுவான வினை. அமிலச் சூழலில் இதற்குத் தாக்குப்பிடிக்கும் நம்பகமான வினையூக்கி இரிடியம் ஆக்சைடு. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் வெட்டியெடுக்கப்படும் இரிடியமோ சுமார் 7, 8 டன்தான். காரச் சூழலில் நிக்கலும் இரும்புமே போதும். இந்தியா போன்ற நாட்டுக்கு இந்த இரண்டாவது வழி எவ்வளவு முக்கியம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 1: தெரிந்த பொருளில் தொடங்குங்கள்

முதலில் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்கான அமைப்புள்ள பொருள் இது. நிக்கல் நைட்ரேட்டையும் இரும்பு நைட்ரேட்டையும் காரத்தில் ஒன்றாக வீழ்படிவாக்கினாலே கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஆய்வகங்கள் இதை அளந்திருக்கின்றன. 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 300 மில்லிவோல்ட்டை ஒட்டிய மிகை மின்னழுத்தம் (1.23 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தம்) வர வேண்டும். உங்களுக்கு 290 வந்தாலும் 320 வந்தாலும் கவலையில்லை. 220 வந்தாலோ 400 வந்தாலோ, உங்கள் அளவீட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முன் புதுப் பொருள் பக்கம் போகாதீர்கள்.

அந்த 10 மில்லி ஆம்பியர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. சூரிய ஒளியை நேரடியாக ஹைட்ரஜனாக மாற்றும் கருவி ஒன்று சுமார் 10 சதவீதத் திறனோடு வேலை செய்தால், அதன் பரப்பில் ஏறத்தாழ அந்த அளவு மின்னோட்டம் ஓடும். ஒப்பிடுவதற்கு வசதியாக எல்லோரும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைக் கலங்கள் இதைப் போலப் பல பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குக்கு மேல் மின்னோட்டத்தில் ஓடுகின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 2: கரைசல்

கடையில் கிடைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளில் சுமார் 15 சதவீதம் தண்ணீர். பாட்டிலில் 85 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் 1 மோலார் கரைசலுக்கு 56 கிராம் போதாது, 66 கிராம் எடுக்க வேண்டும். கரையும்போது நன்றாகச் சூடேறும், ஆகவே தண்ணீரில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணாடிக் குடுவையில் சேமித்து வைக்காதீர்கள். அடர் காரம் கண்ணாடியையே அரிக்கும். சிலிக்காவும் கண்ணாடியில் உள்ள மாசுகளும் கரைசலுக்கு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் பாட்டில் நல்லது, அளக்கும் கலம் டெஃப்லானில் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டிலை மூடியே வையுங்கள், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அது விடாமல் உறிஞ்சும்.

கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்தக் கரைசலைத் தொடவே கூடாது. அமிலம் பட்டால் எரியும், உடனே ஓடிப்போய்க் கழுவிவிடுவோம். காரம் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், வலி தெரிவதற்குள் சேதம் நடந்திருக்கும்.

படி 3: இரும்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்சிஜன் வெளியேற்றத்துக்கு நல்ல வினையூக்கி என்று வெகுகாலம் நம்பிவந்தார்கள். நிக்கல் மின்முனையைக் காரத்தில் சில நாள் ஊறவைத்தால் அதன் செயல்திறன் தானாகவே கூடும், அதற்கு 'முதிர்வு' என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். பொருளின் படிக அமைப்பு மாறுவதால்தான் இது நடக்கிறது என்று விளக்கிவந்தார்கள். 1987ல் டென்னிஸ் காரிகன் என்ற ஆய்வாளர், மெல்லிய நிக்கல் ஆக்சைடு படலத்தில் மிகச் சொற்ப அளவில் இரும்பு மாசு சேர்ந்தாலே ஆக்சிஜன் வெளியேற்றம் பெருமளவு எளிதாகிறது என்று காட்டினார். அது பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 2014ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் போச்சர் குழுவினர், இரும்பை முழுவதுமாக நீக்கிய கரைசலில் நிக்கல் படலத்தை ஊறவைத்துப் பார்த்தார்கள். செயல்திறன் கூடவில்லை. சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடு உண்மையில் மோசமான வினையூக்கி என்று அப்போதுதான் தெளிவானது. இத்தனை காலமும் வேலை செய்தது, சாதாரணப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலும் அதற்குக் கீழும் இருந்த இரும்பு. ஒரு துளி உறைமோர் பானைப் பாலைத் தயிராக்குவது போல, அந்தச் சொற்ப இரும்பு நிக்கல் அடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்து படலத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

இதை நீங்களே உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கான பயிற்சி இதுதான்.

மிகத் தூய்மையான நிக்கல் நைட்ரேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் பச்சை நிற நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். அதைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிரித்து, தூய நீரும் கொஞ்சம் காரமும் சேர்த்து மூன்று முறை கழுவுங்கள். பிறகு நீங்கள் பயன்படுத்தப்போகும் 1 மோலார் கரைசலை அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் குலுக்கி, சில மணி நேரம் அப்படியே வையுங்கள். கரைசலில் உள்ள இரும்பை அந்தப் பச்சைப் பொருள் இழுத்துக்கொள்ளும். மறுபடி சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் கரைசலை மட்டும் எடுங்கள். இதற்குப் பயன்படுத்தும் குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். முந்தைய இரவே 1 மோலார் கந்தக அமிலத்தில் ஊறப்போட்டு நன்றாகக் கழுவியிருக்க வேண்டும்.

இப்போது மூன்று அளவீடுகள். சுத்திகரித்த கரைசலில் வெறும் நிக்கல் ஹைட்ராக்சைடு. சுத்திகரிக்காத கரைசலில் அதே நிக்கல் ஹைட்ராக்சைடு. மூன்றாவதாக நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு. சைக்ளிக் வோல்டாமெட்ரியில் மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஓட்டினால், ஆக்சிஜன் வருவதற்குச் சற்று முன்னால் நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடையும் முகடு ஒன்று எழும். சுத்தமான கரைசலில் அந்த முகடு சுற்றுக்குச் சுற்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும், அதைத் தாண்டி ஆக்சிஜன் மின்னோட்டம் சோம்பலாகத்தான் ஏறும். சுத்திகரிக்காத கரைசலில் ஒவ்வொரு சுற்றிலும் முகடு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம், அதாவது உயர்ந்த மின்னழுத்தத்தை நோக்கி நகரும், முகட்டின் உயரம் குறையும், ஆக்சிஜன் மின்னோட்டமோ செங்குத்தாக எழும்பத் தொடங்கும். திரையில் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விலகிப் போவதைப் பார்க்கும்போது, கரைசலில் இருந்து இரும்பு படலத்துக்குள் நுழைவதையே நேரில் பார்க்கிறீர்கள். இந்த மூன்று வரைபடங்களையும் அச்செடுத்து உங்கள் மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். பின்னால் கோபால்ட்டிலோ நிக்கலிலோ நீங்கள் செய்யும் புதுப் பொருள் அருமையாக வேலை செய்யும்போது, அது கோபால்ட்டா இரும்பா என்ற கேள்வி உடனே வர வேண்டும்.

படி 4: மின்முனையில் பூசுதல்

3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாஸி கார்பன் மின்முனையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். பாலிஷ் துணியில் 1 மைக்ரான், 0.3, 0.05 என்று அலுமினாத் தூளைப் படிப்படியாக மாற்றி, எட்டு எண் வடிவில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தூளுக்கும் தனித் துணி. முடிந்ததும் தூய நீரில் சில விநாடிகள் சோனிகேட் செய்தால், அதாவது மீயொலியால் அதிரவைத்தால், ஒட்டியிருக்கும் அலுமினா போய்விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உங்கள் முகம் தெரிய வேண்டும்.

இங்க் தயாரிக்க 5 மில்லிகிராம் தூளை ஒரு மில்லிலிட்டர் தண்ணீர்–ஐசோப்ரொப்பனால் கலவையில் போட்டு, தூளை ஒட்டவைக்கும் 5 சதவீத நாஃபியான் பாலிமர் கரைசல் 20 முதல் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, ஐஸ் போட்ட சோனிகேட்டரில் அரை மணி நேரம் வையுங்கள். ஒப்பீட்டுக்காகப் பிளாட்டினம்-கார்பன் தூளைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை: காய்ந்த தூளின் மேல் நேரடியாக ஆல்கஹால் ஊற்றினால் தீப்பிடிக்கும். முதலில் தண்ணீரில் முழுவதும் நனைத்துவிட்டு அப்புறம்தான் ஆல்கஹால்.

5 மைக்ரோலிட்டர் இங்க்கைச் சொட்டினால் மின்முனையில் 25 மைக்ரோகிராம் பொருள் இருக்கும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.35 மில்லிகிராம். சொட்டு காயும்போது விளிம்பில் வளையமாகத் திரண்டுவிடக் கூடாது. திரண்டால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து மெதுவாகக் காயவிட்டால் சீராக வரும்.

நிக்கல் நுரைத்தகட்டில் பூசினால் அழகான எண்கள் வரும். அதனால்தான் ஆரம்பத்தில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வெளியில் தெரியும் நுரையின் உள்பரப்பு அதைவிடப் பல மடங்கு. அது போக, நிக்கல் தானே வினையில் கலந்துகொள்ளும், கரைசலில் உள்ள இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் நுரையை அதே நிலைமைகளில் ஓட்டிய வரைபடம் இல்லாமல் நுரையில் எடுத்த எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

படி 5: ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு

எந்த மின்முனையோடு ஒப்பிட்டு மின்னழுத்தத்தை அளக்கிறோமோ அதுதான் ரெஃபரன்ஸ். காரக் கரைசலுக்குப் பாதரசம்–பாதரச ஆக்சைடு ரெஃபரன்ஸ் சரி. வெள்ளி–வெள்ளி குளோரைடை இதில் போடாதீர்கள். குளோரைடு கரைசலுக்குக் கசியும், காரம் உள்ளே போய் வெள்ளி ஆக்சைடு உருவாகி மின்னழுத்தம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லா எண்களையும் மீள் ஹைட்ரஜன் மின்முனைக்கு, அதாவது ஆர்.எச்.இ. அளவுக்கு மாற்றித்தான் சொல்ல வேண்டும். ரெஃபரன்ஸுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கரைசல் இருந்தால், பாதரச ஆக்சைடு ரெஃபரன்ஸ் ஆர்.எச்.இ.யைவிட 0.926 வோல்ட் மேலே இருக்கும். பாடத்தில் படித்த இந்த எண்ணை அப்படியே போட்டுவிடாமல், உங்கள் கையில் இருக்கும் ரெஃபரன்ஸைச் சரிபாருங்கள். கரைசலில் அரை மணி நேரம் ஹைட்ரஜனைச் செலுத்தி, சுத்தமான பிளாட்டினம் கம்பியை வொர்க்கிங் எலெக்ட்ரோடாக (சோதிக்கும் மின்முனையாக) வைத்து, விநாடிக்கு 1 மில்லிவோல்ட் வேகத்தில் மெதுவாக ஓட்டுங்கள். மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் இரண்டு இடங்களின் சராசரிதான் ஆர்.எச்.இ.யின் பூஜ்யம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் தீப்பற்றும், ஆகவே இதை ஃப்யூம் ஹூடுக்குள்தான் செய்ய வேண்டும்.

10 மில்லிவோல்ட் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மின்னோட்டம் பத்து மடங்காக எத்தனை மில்லிவோல்ட் கூட்ட வேண்டும் என்பதுதான் டாஃபெல் சாய்வு. அது 40 மில்லிவோல்ட் உள்ள பொருளில் 10 மில்லிவோல்ட் பிழை மின்னோட்டத்தை 1.8 மடங்கு மாற்றிக் காட்டும். உங்கள் பொருள் பழைய பொருளைவிட இரு மடங்கு நல்லது என்ற முடிவு இந்தப் பிழையிலேயே அடங்கிவிடும்.

மின்சுற்றை முடித்துவைக்கும் இன்னொரு மின்முனையான கவுன்டர் எலெக்ட்ரோடுக்கு கிராஃபைட் தண்டு வையுங்கள். குறிப்பாக ஹைட்ரஜன் வெளியேற்றும் வினைக்கு விலைமலிவான வினையூக்கிகளைச் சோதிக்கும்போது பிளாட்டினம் கவுன்டர் கூடவே கூடாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வந்து உங்கள் வினையூக்கியின் மேல் படியும். நாள் ஆக ஆகச் செயல்திறன் கூடுகிறது என்று யாராவது மகிழ்ச்சியாகச் சொன்னால், கவுன்டர் எது என்று முதலில் கேளுங்கள்.

படி 6: அளவீடு

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) எடுத்துக் கரைசலின் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடம் மாறாமல் நிலைபெறும் வரை சைக்ளிக் வோல்டாமெட்ரி. அதற்குப் பின் விநாடிக்கு 5 மில்லிவோல்ட் அல்லது அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், கடைசியில் ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் சில நிமிடம் நிறுத்தி நிலையான மின்னோட்டம் எடுங்கள். சுழல் மின்முனை இருந்தால் நிமிடத்துக்கு 1,600 சுற்று வேகத்தில் வையுங்கள், குமிழிகள் ஒட்டாமல் விலகும். ஒட்டிய ஒரு குமிழி மின்முனையில் பாதியை மறைத்துவிடும், வரைபடத்தில் திடீர்ப் பள்ளமாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

தடைக்கான திருத்தத்தை, அதாவது ஐ.ஆர். திருத்தத்தை, எங்கே கவனிக்க வேண்டும் என்பதற்கு இரண்டு கணக்குகள். நம் 3 மில்லிமீட்டர் மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்றால் ஓடுவது 0.7 மில்லி ஆம்பியர்தான். தடை 6 ஓம் என்று வைத்தால் இழப்பு 4 மில்லிவோல்ட், பெரிதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் நிக்கல் நுரையில் 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, தடை 2 ஓம் என்றால் இழப்பு 200 மில்லிவோல்ட்! இங்கே தடையை அளப்பதில் 0.1 ஓம் தப்பினாலே முடிவில் 10 மில்லிவோல்ட் மாறும். அதிக மின்னோட்டத்தில் எடுத்த அற்புதமான எண்களைப் படிக்கும்போது, திருத்தம் எத்தனை சதவீதம், தடை எத்தனை ஓம் என்ற இரண்டையும் தேடுங்கள். கருவியே ஓடும்போது திருத்தம் செய்வதானால் 85 சதவீதத்தோடு நிறுத்துவது வழக்கம், 100க்கு அருகில் போனால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி அளக்கும் அந்தக் கருவி, அதாவது பொட்டென்ஷியோஸ்டாட், அலைபாயத் தொடங்கும்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. 10 மில்லி ஆம்பியர் அளவில் பாதரச ஆக்சைடுக்கு எதிராக 0.609 வோல்ட் காட்டுகிறது. 0.926ஐக் கூட்டினால் 1.535. தடை இழப்பு 0.004ஐக் கழித்தால் 1.531. அதிலிருந்து 1.23ஐக் கழித்தால் 0.301 வோல்ட். மிகை மின்னழுத்தம் 301 மில்லிவோல்ட்.

நிக்கல் உள்ள பொருள்களில் இன்னொரு சிக்கல். நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடையும் முகடு ஆக்சிஜன் தொடங்கும் இடத்தோடு ஒட்டியே இருக்கும். மேல்நோக்கி ஓட்டும்போது 10 மில்லி ஆம்பியர் என்று நீங்கள் படிப்பது ஆக்சிஜனே இல்லாமல், நிக்கல் தன் எலெக்ட்ரானை விடும் மின்னோட்டமாகக்கூட இருக்கலாம். அதனால் எண்ணைக் கீழ்நோக்கி வரும் ஓட்டத்திலோ நிலையான மின்னோட்டத்திலோ எடுங்கள். டாஃபெல் சாய்வையும் நிலையான மின்னோட்டத்திலிருந்தே கணக்கிடுங்கள். 1905ல் யூலியஸ் டாஃபெல் கண்ட அந்த எளிய நேர்கோட்டு உறவு, வேகமாக ஓட்டிய வரைபடத்தில் கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து எந்த எண்ணையும் கொடுக்கும்.

உண்மையான வினைப்பரப்பைக் கண்டுபிடிக்க மின்தேக்குதிறனை அளப்பது வழக்கம். உலோகங்களுக்கு அது ஓரளவு சரி. நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு, ஆக்சிஜனேற்ற முகட்டுக்குக் கீழே மின்சாரத்தைக் கடத்தாத பொருள். அந்தப் பகுதியில் அளந்த மின்தேக்குதிறன் பரப்பைக் குறைத்தே காட்டும். இதை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிடும் அட்டவணைகள் நிறைய வருகின்றன, எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. பூசிய எடையையும் உள்ளே இருக்கும் உலோக அணுக்களின் எண்ணிக்கையையும் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு எதிராக மின்னோட்டத்தைத் தருவது மேல்.

படி 7: வாயுவை அளந்து பாருங்கள்

மின்னோட்டம் ஓடியது என்பதால் ஆக்சிஜன் வந்துவிட்டது என்று ஆகாது. கார்பன் எரிந்திருக்கலாம், பொருள் கரைந்திருக்கலாம். 10 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 36 கூலும். முழுவதும் நீரைப் பிரிக்கவே செலவானால் 25 டிகிரியில் 4.56 மில்லிலிட்டர் ஹைட்ரஜனும் 2.28 மில்லிலிட்டர் ஆக்சிஜனும் வர வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்த அளவுக்குழாயில் நீரை இடம்பெயர்த்துப் பிடித்தாலே முதல் கட்டச் சோதனைக்குப் போதும். கேஸ் குரோமடோகிராஃப் இருந்தால் இன்னும் துல்லியம். கொஞ்சம் குறைந்தால் கசிவைத் தேடுங்கள். கணக்கைவிடக் கூடுதலாக வந்தால் நிச்சயமாக ஏதோ தவறு.

நைட்ரஜனை மின்சாரத்தால் அம்மோனியாவாக மாற்றும் ஆய்வில் நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். அங்கே கிடைக்கும் அம்மோனியா மிகக் குறைவு. காற்றிலும் கையுறையிலும் நைட்ரஜன் வாயு உருளையிலும் உள்ள மாசே அந்த அளவுக்கு இருக்கும். 2019ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு, இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சேர்ந்து, நைட்ரஜன்-15 ஐசோடோப்பை வைத்துச் சோதிக்காத எந்த முடிவையும் ஏற்க முடியாது என்று ஒரு சோதனை முறையையே வகுத்துக் கொடுத்தார்கள். அதுவரை வெளிவந்த பல கட்டுரைகள் அந்த உரைகல்லில் நிற்கவில்லை. ஓ.இ.ஆர்.இல் வாயு தாராளமாக வருவதால் நமக்கு வேலை எளிது. எளிது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

படி 8: நீடிக்குமா, நீடித்தது எது

10 மில்லி ஆம்பியரில் மின்னோட்டத்தை நிலையாக வைத்து 24 மணி நேரம் ஓட்டி, மின்னழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கிளாஸி கார்பன் இவ்வளவு நேரம் தாங்காது, அதுவே ஆக்சிஜனேற்றம் அடையும். நீண்ட சோதனைக்கு நிக்கல் தகடோ தங்கத் தகடோ நல்லது. மின்னழுத்தம் ஏறவில்லை என்பது மட்டும் போதாது. அடர்த்தியாகப் பூசிய பொருளில் பாதி கரைந்துபோனாலும் மீதிப் பாதி மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கரைசலில் சில மில்லிலிட்டர் எடுத்து, உலோகங்களின் அளவைக் காட்டும் ஐ.சி.பி. சோதனைக்கு அனுப்பினால், எத்தனை நிக்கல், எத்தனை இரும்பு கரைந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இரும்புதான் முதலில் வெளியேறும்.

இன்னொன்று, இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது. நிக்கல் சல்ஃபைடு, செலினைடு, பாஸ்பைடு என்று புதிது புதிதாகப் பொருள்கள் ஆக்சிஜன் வினையூக்கிகளாக வந்துகொண்டே இருக்கின்றன. 1.5 வோல்ட்டில், 1 மோலார் காரத்தில், சல்ஃபைடு சல்ஃபைடாக இருக்காது. மேற்பரப்பு நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிவிடும், பல நேரம் உள்ளே முழுவதுமே மாறிவிடும். ஓட்டத்துக்குப் பிறகு அதே மின்முனையை ராமன் நிறமாலையில் பாருங்கள். 475, 555 ஆகிய அலை எண்களை ஒட்டி இரண்டு முகடுகள் தெரிந்தால் அங்கே இருப்பது நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு. அப்போது தலைப்பில் சல்ஃபைடு வினையூக்கி என்று போடாமல், வினையூக்கிக்கு முந்தைய பொருள் என்று எழுதுவதுதான் நியாயம். அப்படி எழுதினால் கட்டுரையின் மதிப்பு குறையாது, கூடவே செய்யும்.

கருவிகள், இடங்கள்

பொட்டென்ஷியோஸ்டாட் இருந்தால் இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். ராமன், ஐ.சி.பி. போன்றவற்றுக்குப் பெரிய நிறுவனங்களைத்தான் நாட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வகம் இருப்பது நமக்கு வாய்த்த நல்ல விஷயம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை ஊரில் சிக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும். பிராஜெக்ட்டுக்கு இடம் கேட்டு எழுதும்போது "மின்வினையூக்கியில் ஆர்வம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். மேலே சொன்ன மூன்று வரைபடங்களை நீங்களே எடுத்து இணைத்து அனுப்பினால், உங்களுக்கு அளக்கத் தெரியும் என்பது படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

கட்டுரையாக எழுதும் முன்

ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று மின்முனைகளைத் தனித்தனியாகப் பூசி அளந்திருக்க வேண்டும். ஒரே மின்முனையை மூன்று முறை ஓட்டுவது கணக்கில் வராது. மூன்றில் நல்லதை எடுத்துப் போடாமல், சராசரியையும் விலகலையும் போடுங்கள். கரைசலின் தரம், அதைச் சுத்திகரித்தீர்களா, கலம் எதனால் ஆனது, கவுன்டர் எது, ரெஃபரன்ஸைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், தடை எத்தனை ஓம், எத்தனை சதவீதம் திருத்தம், பூசிய எடை என எல்லாவற்றையும் அளந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்.

உங்கள் பொருள் ஆய்வகத்தில் நின்றுவிடாமல் கலத்துக்குள் போக வேண்டும் என்று நினைத்தால், அடுத்த வேலை அதைச் சவ்வோடு சேர்த்து 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில், பல நூறு மில்லி ஆம்பியரில் ஓட்டிப் பார்ப்பது. அங்கே குமிழிகள் வெளியேறும் வழி, பூச்சு ஒட்டிநிற்கும் பலம் என்று வேறு பிரச்சினைகள் முன்னுக்கு வரும். 1 மோலாரில் 30 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டிய இரண்டு பொருள்கள் அங்கே ஒன்றுபோலவே நடக்கலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தூளில் ஐம்பது மில்லிகிராமை, என்ன பொருள் என்று சொல்லாமல், வேறொரு ஆய்வகத்தில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்து, அவருடைய கரைசலில், அவருடைய ரெஃபரன்ஸில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் 20 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் எழுதத் தொடங்கலாம். ஒத்துப்போகாவிட்டால் இருவரின் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் ஐ.சி.பி.க்கு அனுப்பி இரும்பின் அளவைப் பாருங்கள், அடுத்தது ரெஃபரன்ஸ்.